செயின்ட் என்று தொடங்கும் பள்ளி

படம் வந்த அன்று காலையில் நான் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தேன். தபால்காரர் கதவுத் துளை வழியாக மூன்று உறைகளைத் தள்ளிவிட்டுப் போனார். ஒன்று மின்சார பில், ஒன்று சர்ச்சில் அறுவடை ஆராதனைக்கான அழைப்பு, மூன்றாவது லொரேனின் கையெழுத்தில். கையைத் துடைத்துக்கொண்டு மின்சார பில்லைத்தான் முதலில் பிரித்தேன். பிறகு அழைப்பு. அவளுடைய உறையைக் கடைசியில் பிரிப்பதுதான் என் வழக்கம். உள்ளே கடிதம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

லொரேன் எங்களுக்கு ஒரே மகள். இங்கிலாந்தில், ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருக்கிறாள். அயர்லாந்தின் வட முனையில் இருக்கும் எங்கள் ஊரை விட்டு, அயர்லாந்துக் கடலைத் தாண்டி அவள் போய் எட்டு வருஷம் ஆகிறது. குழந்தை பிறந்த பிறகு வருஷத்துக்கு ஒரு படம் அனுப்புகிறாள். பின்புறம் ஒரு வரி எழுதியிருக்கும்: ஈடித், ஒரு வயது. ஈடித், மூன்று வயது. கம்பளத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஈடித், கடற்கரையில் வாளியைத் தொப்பியாகப் போட்டுக்கொண்ட ஈடித். என் பேத்தியை நான் பார்த்ததெல்லாம் இந்த உள்ளங்கை அகலத்துக்குத்தான்.

இந்த முறை, ஈடித், பள்ளியில் முதல் நாள் என்று எழுதியிருந்தது. பச்சை ஸ்வெட்டர், கை நீளம், விரல் நுனி மட்டும் தெரிகிறது. ஒரு காலுறை கணுக்கால்வரை இறங்கிவிட்டது. முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எடுத்த படம் என்று தெரிந்தது. லொரேனும் அப்படித்தான், சொன்னால் சிரிக்க மாட்டாள். குழந்தைக்குப் பின்னால் வேலியில் ஒரு பெயர்ப்பலகை. படம் எடுத்தவர் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் அது படத்தில் விழுந்திருக்காது. நன்றாகவே விழுந்திருந்தது. செயின்ட் ஆஸ்வால்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் முதல் வரி. அதன் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஃபர்ஸ்ட் ஸ்கூல்.

முதல் வரியை எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வேலை விண்ணப்பத்தில் அதைப் படித்தேன். இரண்டாவது வரியைத்தான் இப்போது படிக்கிறேன். இரண்டு மூன்று தடவை படித்தேன். நெஞ்சை அடைக்கும், உட்கார வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மிச்சம் நாலு ஆப்பிள் இருந்தது, அதையும் சீவி முடித்தேன்.

எங்கள் ஊர் ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். மாவுப் பக்கம் இல்லை, மாடியில் ஆபீஸில். இருநூற்று நாற்பது ஆட்களின் விண்ணப்பம், விடுப்பு, உடம்பு சரியில்லாத சீட்டு எல்லாம் என் கையில்தான். தொண்ணூறாம் வருஷம் ஒரு புதுச் சட்டம் வந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதில் ஓரவஞ்சனை கூடாது என்று. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஓரவஞ்சனை இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் புராட்டஸ்டண்ட் எத்தனை பேர், கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று எண்ணியாக வேண்டும். யாராவது ஒருத்தர் உட்கார்ந்து எண்ண வேண்டும் அல்லவா? மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "தெல்மா, உங்க வாய் பூட்டு போட்ட வாய். இந்த வேலைக்கு நீங்கதான் சரி" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு இரும்பு அலமாரியும் அதற்கு ஒரே ஒரு சாவியும் கொடுத்தார்கள். அந்தத் தகவலை வெளியே சொன்னால் குற்றம். அதற்கு ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன்.

ஆளுக்கு ஒரு படிவம். புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கர், இரண்டும் இல்லை என்று மூன்று கட்டம். ஆள் அதை நிரப்பாமல் கொடுத்தால் நாங்கள் விட்டுவிடக் கூடாது. அவர் சின்ன வயதில் படித்த பள்ளியின் பெயரைப் பார்த்து நாங்களே எழுதிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் இதற்குச் சட்டமே தேவையில்லை. யாரும் யாரையும் நீ எந்தப் பக்கம் என்று நேரே கேட்பதில்லை. அது மரியாதைக் குறைவு. நீங்க எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்போம். பஸ்ஸில் கேட்போம், பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது கேட்போம், மகள் ஒரு பையனின் பெயரை இரண்டு தடவை சொன்னால் கேட்போம். பதில் வந்ததும் தலையை ஆட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேசுவோம்.

ஊர்ப் பெயரோடு ப்ரைமரி என்று முடிந்தால் எங்கள் ஆள், புராட்டஸ்டண்ட். மாடல் ஸ்கூல், அகாடமி, ராயல் என்று வந்தாலும் எங்கள் ஆள். செயின்ட் என்று தொடங்கினால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், அவர்கள் ஆள், கத்தோலிக்கர். கன்னிமாடம், மாதா, திரு இருதயம், எல்லாம் அங்கேதான். எங்கள் பக்கத்திலேயே சில சர்ச்சுகளுக்குப் புனிதர்களின் பெயர் உண்டு. ஆனால் சர்ச்சுக்கு இருக்கலாம், பள்ளிக்கு இருக்காது. இருநூற்று நாற்பது பேரில் ஒருத்தரிடம்கூட நான் தவறியதில்லை. ஆண்ட்ரிம் கவுண்டியில் இருக்கிற அத்தனை பள்ளிகளும் எனக்கு மனப்பாடம், இடித்துவிட்டதும் சேர்த்து.

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். கேன்டீனில் ஐல்சா, கிளாஸ்கோக்காரி. அகாடமி என்று எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் சேர்த்தேன். கிளாஸ்கோவில் எங்கள் கணக்கேதான், அங்கேயும் இதே கேள்விதான் கேட்பார்கள். வேன் ஓட்டிய இமிர், வேல்ஸ்காரர். அவருடைய பள்ளிப் பெயர் முழுக்க அவர்கள் பாஷையில் இருந்தது, உச்சரிக்கவே என்னால் முடியவில்லை. அதற்கும் வழி இருந்தது. படிவத்தின் கடைசியில் ஆபீஸ் உபயோகத்துக்கென்று இன்னொரு கட்டம் உண்டு, தீர்மானிக்க முடியவில்லை என்று. அதில் ஒரு டிக் அடித்தேன். எந்த ஆபீஸரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாவது ஆள் பெர்னார்ட் ஹோல்ட். புது அடுப்புகள் வந்தபோது அவற்றைப் பொருத்த ஸ்டாஃபோர்ட்ஷயரிலிருந்து வந்தவன், அப்படியே வேலையில் தங்கிவிட்டான். உயரம், காதுவரை மாவு, எல்லோரையும் வாத்து என்று கூப்பிடுவான். அது அவன் ஊர் வழக்கமாம், கண்ணு என்பதுபோல. மேனேஜரையே ஒருநாள் "குட் மார்னிங், வாத்து" என்றான். பாக்கிங் பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். அந்தப் பெண்களில் லொரேனும் ஒருத்தி.

அவன் படிவத்தை வெறுமையாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

"இதுல எதை எழுதறதுன்னு தெரியல, வாத்து. கல்யாணம், சாவுன்னாதான் நான் சர்ச் பக்கம் போறது. அன்னைக்கும் கடைசி பெஞ்ச்."

"பரவாயில்ல, வச்சுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

எந்த சர்ச் என்று கேட்டிருக்கலாம். ஆள் என் எதிரே நிற்கிறான், மேஜை நீளம்தான் தூரம். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு அந்தக் கேள்வி வாயில் வராது. அவன் போன பிறகு விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். செயின்ட் ஆஸ்வால்ட்ஸ். பெயரோ பெர்னார்ட். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு யார் பெர்னார்ட் என்று வைப்பார்கள்? ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கத்தோலிக்கர் கட்டத்தில் டிக் அடித்தேன், அலமாரியைப் பூட்டினேன், டீ குடிக்கப் போனேன்.

அதுவரை குற்றமில்லை. தப்பாக எண்ணினேன், அவ்வளவுதான். நான் செய்தது அதற்கு ஆறு மாதம் கழித்து.

ஐவன், என் வீட்டுக்காரர், கால்நடைத் தீவன லாரி ஓட்டினார். பண்ணை பண்ணையாகப் போகிறவர் என்பதால் ஊர்ச் செய்தி எல்லாம் எனக்கு முன்னால் அவருக்குத்தான் வரும். ஒருநாள் சாயங்காலம் சாப்பிடும்போது உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம லொரேன் அந்த இங்கிலீஷ்காரப் பையன் கார்ல போறாளாமே?"

"போனா என்ன? நல்ல பையன்தான்."

"நல்ல பையன்தான். எந்தப் பள்ளிக்கூடம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அலமாரிச் சாவி என் கைப்பையில் இருந்தது, கைப்பை நாற்காலி முதுகில் தொங்கியது. ஐவனின் முள்கரண்டி நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட மனுஷர். அவரிடம் எதையும் நான் மறைத்ததில்லை.

"நான் சொல்லக் கூடாது, ஐவன்."

"பேரைச் சொல்லாதே. எப்படித் தொடங்குதுன்னு சொல்லு."

"செயின்ட்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது என்றார்.

ஐவன் கெட்டவர் இல்லை. இதைப் படிப்பவர்களுக்கு அவர்மேல் கோபம் வரலாம், எனக்கே வந்திருக்கிறது. ஆனால் அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் ஒரு கலப்புத் திருமணம் என்றால் சும்மா இல்லை. அடுத்த ஊரில் ஒரு ஜோடியின் வாசலில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். ஐவன் லாட்ஜ் ஆள், லாட்ஜ் என்றால் எங்கள் புராட்டஸ்டண்ட் ஆண்களின் சங்கம். வருஷா வருஷம் ஜூலை பன்னிரண்டு அன்று தோளில் ஆரஞ்சுப் பட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறவர், அவர் அப்பாவும் போனவர். மகள் அந்தப் பக்கம் போனால் அவர் லாட்ஜ் மண்டபத்துக்குள் நுழைய முடியாது. பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் லொரேன் சொன்னாள், வரும் சனிக்கிழமை பெர்னார்டை டீக்குக் கூப்பிட்டிருப்பதாக. முகம் சிவந்திருந்தது. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு.

ஐவன் கத்தியைத் தட்டில் வைத்தார். "அவன் இந்த வீட்டுல உட்கார முடியாது."

"ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாது. சொல்லுங்க."

"அவன் எந்த மாதிரிப் பள்ளிக்கூடத்துல படிச்சான்னு எனக்குத் தெரியும்மா. அதுக்கு மேல என்னைப் பேச வைக்காதே."

லொரேன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பெர்னார்ட் எங்கே படித்தான் என்று எங்கள் வீட்டில் அவள் வாய் திறந்ததே இல்லை. அந்த ஊரில் அது எழுதியிருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அதற்குச் சாவியும் ஒன்றே ஒன்றுதான். அவள் கண் என் முகத்திலிருந்து கைப்பைக்குப் போய்த் திரும்பி வந்தது. நான் குழம்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

"சரி" என்றாள். "அப்படியே இருந்தாத்தான் என்ன?"

அவன் கத்தோலிக்கன்தான் என்று அவளே ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன். ஐவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எட்டு வருஷம் அந்த வார்த்தையை நான் அப்படியேதான் வைத்திருந்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், பதிலுக்காக மேஜையருகே நின்றிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மாடிக்குப் போனாள். புதன்கிழமை லார்ன் துறைமுகத்தில் இரண்டு பேரும் கப்பல் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், வேலைக்குப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பாக்கிங் பகுதியில் அவள் நின்ற இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள், அவளுடைய படிவத்தையும் நானே எண்ணினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கை மரத்துப்போனால் கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துவதுபோல் வலித்து உயிர் வரும் அல்லவா, எனக்கு அந்த வலியும் வரவில்லை. கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது, ஐவன் அதை மடித்து அடுப்பில் போட்டார். எந்த சர்ச் என்றுகூட நான் படிக்கவில்லை. படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். படங்கள் வர ஆரம்பித்த பிறகு அவற்றை மேஜை இழுப்பறையில் துணிகளுக்கு அடியில் வைப்பேன். அடுத்த நாள் பார்த்தால் துணி வேறு மாதிரி மடிந்திருக்கும். ஐவன் அதைப் பற்றிப் பேச மாட்டார், நானும் கேட்க மாட்டேன். இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். வீட்டில் சத்தம் என்றால் ரேடியோதான்.

அதனால்தான் ஆப்பிளைச் சீவி முடித்து அடுப்பில் வைத்தபின் இந்தப் படத்தை இழுப்பறையில் வைக்கவில்லை. யோசித்துத்தான் செய்தேன். ஐவனைப் போன் எடுக்க வைக்கிற ஒரு பொருள் என்றைக்காவது இந்த வீட்டுக்குள் வராதா என்று எட்டு வருஷம் காத்திருந்தேன். வந்துவிட்டது. அது எந்த மாதிரிப் பொருள் என்று நின்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு அவர் உட்காரும் இடத்தில், தட்டுக்குப் பக்கத்தில், படம் மேலே தெரியும்படி வைத்தேன். மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வைத்தேன்.

அவர் தோட்டத்திலிருந்து வந்தார், கை கழுவினார், உட்கார்ந்தார். படத்தைக் கண்டதும் என்னைப் பார்த்தார். நான் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையில் எடுத்தார்.

"காலுறையைப் பாரு" என்றார். குழந்தை பிறந்ததிலிருந்து அதைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"பின்னாடி பாருங்க" என்றேன்.

படத்தைத் திருப்பினார்.

"அங்க இல்ல. குழந்தைக்குப் பின்னாடி. போர்டுல."

வாய்விட்டுப் படித்தார். முதல் வரியில் முகம் இறுகியது. இரண்டாவது வரிக்கு நேரம் பிடித்தது. பிறகு படத்தை மேஜையில் வைத்துவிட்டு உள்ளங்கையால் தட்டினார், சூப் சிந்தியது.

"தெல்மா! இது ராணியோட சபை! புராட்டஸ்டண்ட் சபை!"

"ஆமா."

"அவன் படிச்ச அதே பள்ளிக்கூடமா?"

"அதேதான்."

"அப்போ அவன் நம்ம ஆளு. முதல்ல இருந்தே நம்ம ஆளு! ராணியோட சபைப் பையனையா வாசல்ல நிக்க வச்சோம்?" சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. "செயின்ட்டுன்னு பேர் வச்சிருக்காங்களே, அந்தப் பைத்தியக்காரங்க! இங்கிலாந்துல எதையும் ஒழுங்கா வைக்க மாட்டாங்க. யாருக்குத் தெரியும்? உனக்கு எப்படித் தெரியும்? யார் மேலயும் தப்பில்ல."

யார் மேலும் தப்பில்லை என்று அவர் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு இருந்தது. எழுந்து நின்ற விதத்திலேயே முதுகு நேராகிவிட்டது. எட்டு வருஷம் ஒரு மனுஷர் தன் மகளை இழந்துவிட்டு, ஒரு தகரப் பலகையைப் படித்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன். அவள் வருவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிஷம் நின்றது.

அவர் கூடத்துக்குப் போய் மாடிப்படி ஓரத்தில் இருந்த போனை எடுத்தார். எண் என் முகவரிப் புத்தகத்தில் இருந்தது, முதல் படத்தோடு அவள் எழுதி அனுப்பியது. அவர் தேடவே இல்லை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"லொரேன்? அப்பா பேசறேம்மா... ஆமா, அப்பாதான். இல்லல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல, எல்லாரும் நல்லா இருக்கோம். படம் வந்துச்சு. போர்டைப் பாத்தோம்... போர்டும்மா, பள்ளிக்கூடத்து போர்டு! நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை. இத்தனை வருஷம் வீணாப் போச்சே. சரி, போனது போகட்டும். கிறிஸ்துமஸுக்கு வாங்க, மூணு பேரும். அவனையும் கூட்டிட்டு வா, அவன்தான் முக்கியம்!" கொஞ்ச நேரம் கேட்டார். "ம். ம். இதோ, அம்மாகிட்டக் குடுக்கறேன், தேதியை அவகிட்டச் சொல்லு. நான் போய்ப் பரண்ல இருந்து உன் சின்னக் கட்டிலை இறக்கறேன். ஈடித்துக்குச் சரியா இருக்கும்."

போனை என் கையில் திணித்துவிட்டுப் படியேறினார். இரண்டு இரண்டு படியாக ஏறினார், அறுபத்தாறு வயதில்.

போனில் அந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"லொரேன்" என்றேன்.

"அம்மா." குரல் கொஞ்சம் தடித்திருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சு பாதி போய்விட்டது. "எந்த போர்டு?"

"குழந்தைக்குப் பின்னாடி இருக்கே."

அவள் எழுந்துபோய் எதையோ எடுத்து வருவது கேட்டது. இன்னொரு பிரதி இருக்க வேண்டும்.

"நான் பாக்கவே இல்லம்மா. காலுறை இறங்கியிருக்கறதைத்தான் பாத்தேன். பாத்திருந்தா அதை வெட்டிட்டுத்தான் அனுப்பியிருப்பேன்."

"ஏன்?"

"அது இல்லாம நீங்க கூப்பிடணும்னு இருந்தேன்."

மேலே பரண் கதவு திறந்தது. ஐவன் எதையோ இழுத்தார், உத்தரம் அதிர்ந்தது. சீட்டியடிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

"அன்னைக்கு நீ சொல்லியிருக்கலாம்" என்றேன். அவர் சொன்னதையே நானும் சொன்னேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"சொல்லியிருந்தா கதவைத் திறந்திருப்பீங்க. தெரியும். பெர்னார்டும் சொன்னான், போய்ச் சொல்லிட்டு வா, ஒரு நிமிஷ வேலைதானேன்னு. எனக்கு முடியல. அந்தக் கதவு வழியா அவனைக் கூட்டிட்டு வர எனக்குப் பிடிக்கல. ஒண்ணு கேக்கட்டுமா? போர்டுல வேற மாதிரி எழுதியிருந்தா அப்பா இன்னைக்குப் போன் பண்ணியிருப்பாரா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். பயன் இல்லை. "மாட்டார்" என்றேன்.

"அப்பாவை விடு. படத்தை அவர்கிட்டக் காட்டினது நீதானே?"

"நான்தான்."

"வேற மாதிரி எழுதியிருந்தா காட்டியிருப்பியா?"

துவைக்கும் இயந்திரம் வேகம் பிடித்துச் சுற்றி, மெதுவாகி, நின்றது. அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இழுப்பறையும், படங்களுக்கு மேலே நான் மடித்து வைத்த துணிகளும் என் கண்முன் நின்றன. விரல் நுனியிலிருந்து மெதுவாக ஒரு வலி ஏறி வந்தது. ஐவன் கட்டிலின் ஒரு பக்கச் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையெல்லாம் பரண் தூசியாகப் படியிறங்கி வந்தார். பாதிப் படியில் நின்று, சட்டத்தின் கம்பிகளுக்கு இடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்து, எந்தத் தேதி என்று சத்தமில்லாமல் வாயை அசைத்துக் கேட்டார்.